கீழ் எல்லை எழுதாத தாள்

தராசுத் தொழிற்சாலையில் அவளை எல்லோரும் மில்லிகிராம் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். முப்பத்தொரு வருடம் சரிபார்ப்பு அறையில் உட்கார்ந்து, வெளியே போகிற ஒவ்வொரு தராசின் மேலும் எடைக்கல் வைத்துப் பார்த்து, 'சரி' என்று சீட்டு ஒட்டியவள். மருந்துக்கடைத் தராசு, ஆய்வுக்கூடத் தராசு, பிறந்த குழந்தையைக் கிடத்தி எடை பார்க்கிற தொட்டில் தராசு, எதுவானாலும் அவள் கையைத் தாண்டித்தான் வாசலுக்குப் போக முடியும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவள். தெருமுனையில் அவள் தலை தெரிந்தாலே காய்கறிக்கடைக்காரர் தராசுத் தட்டைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

அப்பேர்ப்பட்டவள் ஒரு தாளைப் பார்த்துச் 'சரி' என்று சொல்லிவிட்டாள். எல்லா வினையும் அங்கேதான் ஆரம்பித்தது.

தாள் வந்தபோது அவள் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. கம்பெனி சின்னது. பெரியவர் ஒருவர் ஆரம்பித்தார், அவர் போன பிறகு மகன் நடத்துகிறார். மகனுக்கு ஐம்பது வயதாகி முன்மண்டை வழுக்கை விழுந்த பிறகும் எல்லோருக்கும் அவர் சின்னவர்தான். பெரியவர் காலத்திலேயே கம்பெனியைப் பங்குச் சந்தையில் ஏற்றிவிட்டார்கள். போனஸைப் பாதி பணமாகவும் பாதி பங்காகவும் கொடுக்கிற வழக்கமும் அப்போதே வந்தது. அதனால் ஓய்வு பெற்றவர்கள், வேலையில் இருப்பவர்கள் என்று நாற்பத்துச் சொச்சம் பேர் கையில் கொஞ்சம் கொஞ்சம் பங்கு இருந்தது. மொத்தம் ஒரு கோடிப் பங்கு. ஒன்றின் விலை ஐம்பதை ஒட்டி ஒன்றிரண்டு ஏறும், ஒன்றிரண்டு இறங்கும். எத்தனையோ வருடமாக ஆடாமல் அசையாமல் நின்ற விலை அது.

தாளில் இருந்த விஷயம் இதுதான். பெரிய மருத்துவமனைக் குழுமம் ஒன்று நாலாயிரம் தொட்டில் தராசு கேட்டிருக்கிறது. செய்து கொடுக்கப் புதுக் கூடம், புது இயந்திரம் வேண்டும். வங்கிகள் கையை விரித்துவிட்டன. ஒரு நிதி நிறுவனம் கடன் தர முன்வந்திருக்கிறது. வட்டி வங்கியை விடக் குறைவு. ஒரே ஒரு விசேஷம், கடன் கொடுத்தவர்கள் விரும்பினால் பணத்தைத் திருப்பி வாங்குவதற்குப் பதிலாகக் கம்பெனியின் புதுப் பங்குகளாக எடுத்துக்கொள்ளலாம். அதற்குப் பங்குதாரர்கள் கூடி முக்கால்வாசி வாக்கில் சம்மதிக்க வேண்டும். சின்னவர் கையில் இருந்தது பாதிக்கும் குறைவு. ஆகவே இந்த நாற்பத்துச் சொச்சம் பேரின் கை தேவைப்பட்டது.

அக்கா சாப்பாட்டு மேசையைத் துடைத்துத் தாளை விரித்து, பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தாள். கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவள், இரண்டு அறை வீட்டில் தனியாக இருப்பவள். தொந்தரவு செய்ய ஆளில்லை. பதினெட்டுப் பக்கம். எங்கெல்லாம் எண் இருந்ததோ அங்கெல்லாம் நிறுத்தினாள். வட்டியைப் பெருக்கிப் பார்த்தாள். தவணையைக் கூட்டிப் பார்த்தாள். சரியாக வந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டிக். பழைய பழக்கம் எங்கே போகும்?

ஒரு எண் மட்டும் உறுத்தியது. கம்பெனி வெளியிடக்கூடிய பங்குகளின் உச்ச எண்ணிக்கையைப் பத்துக் கோடியாக உயர்த்தச் சொல்லியிருந்தார்கள். இருப்பதோ ஒரு கோடி. சின்னவருக்கே போன் போட்டாள்.

"பத்துக் கோடி எதுக்குங்க?"

"உச்ச அளவுதான்க்கா அது. அவ்வளவு போகும்னு அர்த்தம் இல்ல." சின்னவர் சிரித்தார். "தொட்டில் தராசுல உச்ச அளவு இருபது கிலோன்னு போடறோம். பொறக்கிற குழந்தை இருபது கிலோவா இருக்கு?"

அக்காவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த எண்ணுக்கும் டிக் விழுந்தது.

பதினோராம் பக்கத்தில் மாற்று விலை இருந்தது. பங்காக மாற்றும் நாளுக்கு முந்தைய இருபது நாளில் சந்தையில் இருந்த ஆகக் குறைந்த விலை, அதிலும் நூற்றுக்கு இருபது கழிவு. அக்கா ஐம்பதைப் போட்டுப் பார்த்தாள். நாற்பது வந்தது. பரவாயில்லை, கடன் முழுவதையும் நாற்பது வீதம் பங்காக எடுத்தாலும் நம் பங்கு கொஞ்சம்தான் மெலியும், ஆர்டர் வந்தால் அதற்கு மேல் கொழுக்கும் என்று கணக்குப் போட்டாள். அந்தக் கணக்கில் ஒரு தப்பும் இல்லை. ஐம்பதுக்கு அது நூற்றுக்கு நூறு சரி.

மறுநாள் காலையிலேயே போன். பார்சல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒட்டு டேப் உருளையை வளையல் மாதிரி மணிக்கட்டிலேயே போட்டுக்கொண்டு திரிந்ததால் அவர் பெயர் டேப்.

"என்னக்கா, பாத்தாச்சா?"

"பாத்துட்டேன். சரியாத்தான் இருக்கு."

"அப்ப முடிஞ்சுது. நான் மத்தவங்களுக்குச் சொல்லிடறேன்."

டேப் வாயில் விழுந்த செய்தி ஊருக்கே ஒட்டிவிட்ட மாதிரிதான். ஒரு வாரத்துக்குள் நாற்பத்து மூன்று பேர் தங்கள் சார்பில் வாக்களிக்கிற அதிகாரத்தைப் படிவத்தில் எழுதி அக்காவிடம் கொடுத்துவிட்டார்கள். ஒருவர்கூடப் பதினெட்டுப் பக்கத்தைப் புரட்டவில்லை. மில்லிகிராம் அக்கா பார்த்த தாளை இன்னொருவர் பார்ப்பது அவளை அவமானப்படுத்துவது என்று நினைத்தார்கள். அவர்கள் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. முப்பத்தொரு வருடத்தில் அவள் ஒட்டிய சீட்டு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

அதோடு நின்றிருந்தால் போனஸ் பங்கு போச்சு என்று தலையில் அடித்துக்கொண்டு எழுந்து போயிருக்கலாம். அக்கா நிற்கவில்லை. தம்பி கடைக்குப் போனாள்.

தம்பிக்குச் சைக்கிள் பழுது பார்க்கிற கடை. பத்தொன்பது வருடமாக ஒரே இடம், வாடகை இடம். இரண்டு ஆள் அகலம், உள்ளே போகப் போக நீளம். கூரையில் கொக்கி போட்டுச் சைக்கிள்களைத் தொங்கவிட்டிருப்பான். நடந்தால் தலையில் பெடல் இடிக்கும், வாடிக்கையாளர்கள் எல்லோரும் குனிந்து வரக் கற்றுக்கொண்டவர்கள். அந்த இடத்தை விற்கப்போவதாக உரிமையாளர் சொல்லிவிட்டார். நல்ல மனிதர், முதல் உரிமை உனக்குத்தான், பத்து மாதம் அவகாசம் என்றார். கேட்ட விலையில் முக்கால்வாசி தம்பியிடம் இருந்தது. அதில் பாதி அவன் சேர்த்தது. மீதிப் பாதி அவன் மனைவி சலவைக்கடையில் நின்றபடியே துணி தேய்த்துச் சேர்த்தது. கால் பங்குதான் துண்டு விழுந்தது. அதற்காக ராத்தூக்கம் போய்விட்டது என்று அவன் ஒரு நாள் சொன்னதை அக்கா மனசில் போட்டு வைத்திருந்தாள்.

"எங்க கம்பெனி ஷேர்ல போடு," என்றாள். "ஆர்டர் கையெழுத்தானா எழுபதாவது போகும். எட்டு மாசத்துல எடுத்துடு. உன் துண்டு சரியாப் போயிடும்."

தம்பி சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் கம்பிகளின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். "நீ நல்லாப் பாத்துட்டியாக்கா?"

"பக்கம் பக்கமாப் பாத்துட்டேன்டா."

"சரி. அவகிட்ட நான் சொல்லிக்கறேன்."

வாங்கினான். நாற்பத்தெட்டு வீதம் இருபதாயிரம் பங்கு. கூட்டம் நடந்தது. அக்கா தன் கையையும் நாற்பத்து மூன்று பேர் கையையும் சேர்த்துத் தூக்கினாள். தீர்மானம் நிறைவேறியது, சின்னவர் எழுந்து வந்து அவளைக் கும்பிட்டார்.

ஆர்டர் கையெழுத்தானது. விலை ஐம்பத்தாறு போனது. தம்பி போனில் சிரித்தான், அவன் அப்படிச் சிரித்துக் கேட்டு எத்தனையோ நாள் ஆகியிருந்தது. அடுத்த மாதம் நாற்பத்து நாலு. அதற்கடுத்து முப்பத்தெட்டு.

"வித்துடட்டுமாக்கா?" என்று கேட்டான். "கொஞ்ச நஷ்டத்தோட போகட்டும்."

"அவசரப்படாதே. முள்ளு ஆடறப்ப எடையைப் படிக்கக் கூடாது. நிக்கட்டும்."

நிற்கவில்லை. முப்பத்தொன்று. இருபத்து நாலு. அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. புதுக் கூடம் எழும்பிவிட்டது, தொட்டில் தராசு வாரம் நூறு வெளியே போகிறது, டேப்பின் மகளைக்கூடப் புதிதாக வேலைக்கு எடுத்திருக்கிறார்கள், லாபம் ஏறியிருப்பதாகக் காலாண்டு அறிக்கை வேறு வந்தது. அறிக்கை வந்த வாரம் விலை பதினேழுக்கு இறங்கியது. தட்டில் பாரத்தை ஏற்ற ஏற்ற எண் குறைகிற தராசை அவள் ஆயுசில் பார்த்ததில்லை.

விலை பன்னிரண்டைத் தொட்ட அன்று பஸ் பிடித்துத் தொழிற்சாலைக்குப் போனாள். முகப்பில் புதுப் பெயிண்ட் வாசனை. கணக்குப் பிரிவில் புதிதாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், கழுத்தில் கண்ணாடியைச் சங்கிலி போட்டு மாட்டியவள், சேர்ந்து நாலு மாதம்தான் ஆகிறது. அக்கா யாரென்று கேட்டதும் எழுந்து நாற்காலி போட்டாள்.

"லாபம் வருது, விலை ஏன் இறங்குது? எனக்குப் புரியற மாதிரி சொல்லும்மா."

கணக்காளர் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "அவங்க கடன்ல கொஞ்சத்தை ஷேரா மாத்திக்கறாங்கக்கா. குறைஞ்ச விலையில இருபது பர்சென்ட் கழிவோட. எடுத்ததும் சந்தையில கொட்டி வித்துடறாங்க. அவங்களுக்கு லாபம். ஆனா அவ்வளவு ஷேர் ஒரே நேரத்துல வந்து விழுந்தா விலை என்ன ஆகும்?"

"இறங்கும்."

"இறங்கினா அவங்களுக்கு நஷ்டமா? இல்ல. அடுத்த தடவை அந்த இறங்கின விலையில கழிவு. அதே பணத்துக்கு இன்னும் நிறைய ஷேர். அதையும் கொட்டுவாங்க. இன்னும் இறங்கும். அதுக்கடுத்த தடவை இன்னும் நிறைய." அவள் ஒரு தாளை எடுத்து முன்னால் வைத்தாள். "ஒரு கோடியா இருந்த ஷேர் இப்ப ரெண்டரைக் கோடிக்கு வந்தாச்சு. கடன்ல இன்னும் பாதி பாக்கி."

"எதுவரைக்கும் இறங்கலாம்னு ஒரு கீழ் எல்லை போட்டிருப்பாங்களே?"

"நானும் அதைத்தான் தேடினேன்க்கா. எங்கேயும் போடல."

ஒவ்வொரு தராசின் தகட்டிலும் இரண்டு எண் பொறித்திருக்கும். உச்ச அளவு ஒன்று, கீழ் அளவு ஒன்று. கீழ் அளவு இல்லாத தகடு வந்தால் அவள் தராசைத் தொடக்கூட மாட்டாள், வந்த வழியே அனுப்பிவிடுவாள். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே அவள் சொல்லிக்கொடுக்கிற பாடம் இன்னொன்று உண்டு. ஒரே ஒரு கல்லை வைத்துப் பார்த்துச் சீட்டு ஒட்டாதே, காலியில் பார், பாதியில் பார், முழுப் பாரத்தில் பார், கல்லை ஒவ்வொன்றாக ஏற்றும்போது பார்க்கிற மாதிரியே இறக்கும்போதும் பார். அவள் அந்தத் தாளில் ஐம்பது என்கிற ஒரே கல்லை வைத்துப் பார்த்தாள். நாற்பதை வைத்துப் பார்க்கவில்லை, இருபதை வைத்துப் பார்க்கவில்லை. பெட்டியில் இருக்கிற எடைக்கல் மாதிரி விலையும் எத்தனை தடவை எடுத்து வைத்தாலும் தேயாது என்று நினைத்துவிட்டாள். அவமானத்தில் காது மடல் சுட்டது. இதையே வேறொருத்தி செய்திருந்தால் அன்றைக்கே சரிபார்ப்பு அறையை விட்டு வெளியே அனுப்பியிருப்பாள்.

சின்னவர் அறைக்குப் போனாள். அவர் எழுந்து நின்றார், பிறகு எதற்கு எழுந்தோம் என்று தெரியாதவர் மாதிரி உட்கார்ந்தார்.

"நீங்க வந்து திட்டுவீங்கன்னு தெரியும்க்கா."

"திட்ட வரல. நிறுத்த முடியுமான்னு கேக்க வந்தேன்."

"முடியாது." மேசையில் இருந்த பேனாவை நேராக்கி வைத்தார். "மீதிக் கடனைப் பணமாக் கட்டித் தீத்தா நிறுத்தலாம். பணம் எங்க இருக்கு? எல்லாம் கூடத்துல போயாச்சு. விலை இப்படி இருக்கிறதப் பாத்துட்டு எந்த பேங்க்கும் உள்ளேயே விடல. எங்கப்பா வெச்சுட்டுப் போனதுல நூத்துக்கு நாப்பத்தஞ்சு என் கையில இருந்துது. இப்ப பதினெட்டு."

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கக் கூடாதா?"

"போடலைன்னா ஆர்டர் போயிருக்கும். மூணு மாசம் சம்பளம் கொடுக்கக் கையில இல்லக்கா. உங்களுக்கு மட்டும் சொல்றேன், ஒருத்தருக்கும் தெரியாது." நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நீங்களும் பாத்துட்டுச் சரின்னீங்க. எனக்கும் ஒரு தைரியம் வந்துது."

அவர் பழியைத் தள்ளிவிடச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். அதனால்தான் அது ஊசி மாதிரி ஏறியது. வெளியே வரும்போது புதுக் கூடத்தின் கண்ணாடி வழியே பார்த்தாள். தொட்டில் தராசுகள் வரிசையாக நகர்ந்துகொண்டிருந்தன. அறுபது பேர் குனிந்த தலை நிமிராமல் வேலை செய்தார்கள். கம்பெனி நன்றாகத்தான் இருக்கிறது. அதில் பங்கு வைத்திருந்தவர்கள்தான் கரைந்துகொண்டிருந்தார்கள்.

தம்பியிடம் உள்ளதை உள்ளபடி சொன்னாள். அவன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு ரொம்ப நேரம் கையைத் துடைத்தான்.

"இப்ப வித்தா கடை விலையில எவ்வளவு வரும்?"

"நாலுல ஒண்ணுகூடத் தேறாதுடா."

"அதை வெச்சுக்கிட்டு என்ன பண்ண? இருக்கட்டும், இன்னும் நாலு மாசம் இருக்கே." அவன் அவளைத் தேற்றினான். ஆறு, நாலு, இரண்டரை என்று விலை போய்க்கொண்டிருந்தபோதும் தேற்றிக்கொண்டே இருந்தான். விற்றிருக்கலாம்தான். கையில் இருப்பதை அள்ளிக் கொடுத்துவிட்டு வருவதற்கும் மனசு துணிய வேண்டுமே. நாற்பத்து மூன்று பேரும் அப்படித்தான் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டேப் மட்டும் போன் செய்வதையே நிறுத்திவிட்டார். அது எல்லாவற்றையும் விட மோசமாக இருந்தது.

கடை கெடு முடிய மூன்று வாரம் இருக்கும்போது இரண்டாவது தாள் வந்தது. பத்துக் கோடி என்ற உச்ச எண்ணிக்கையைக் கிட்டத்தட்டத் தொட்டாகிவிட்டது. அதை ஐம்பது கோடியாக உயர்த்த வேண்டும், பங்குதாரர்கள் மறுபடி கூடுங்கள். உயர்த்தாவிட்டால் ஒப்பந்தத்தை மீறியதாக ஆகும், மீதிக் கடன் முழுவதையும் அபராதத்தோடு பதினைந்து நாளில் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் கூடமும் இயந்திரமும் அவர்களுக்கு.

இந்தத் தடவை அக்கா ஒவ்வொரு எண்ணையும் ஐந்து கல் வைத்துப் பார்த்தாள். ஏற்றியும் பார்த்தாள், இறக்கியும் பார்த்தாள். எப்படிப் பார்த்தாலும் ஒன்றுதான் வந்தது. சரி என்றால் தம்பியின் இருபதாயிரம் பங்கு பேருக்குத்தான் மிஞ்சும், தூக்கிப் போட்டால் குப்பைக்காரர்கூடக் குனிய மாட்டார். வேண்டாம் என்றால் ஒரு நூலிழை நம்பிக்கை இருந்தது. கடன்காரர்கள் இறங்கி வந்து பேசலாம், ஒரு கீழ் எல்லைக்குச் சம்மதிக்கலாம், விலை கொஞ்சம் எழுந்து உட்காரலாம், தம்பி கடை உரிமையாளரிடம் இன்னும் ஆறு மாதம் கேட்கலாம். அவர்கள் பேசாமல் கழுத்தைப் பிடித்தால் கூடத்துக்குப் பூட்டு. அறுபது பேர் தெருவில். டேப்பின் மகளும்தான்.

இரண்டு வாரம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் ஒரு பக்கம் கூரையில் தொங்கும் சைக்கிள்கள், ஒரு பக்கம் குனிந்த அறுபது தலைகள். படிவங்கள் மறுபடி வந்து சேர்ந்தன, நாற்பத்து மூன்றும். அவள் யாரிடமும் கேட்கவில்லை. டேப்பின் படிவத்தில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருந்தது. 'உங்களுக்கு எது சரின்னு தோணுதோ. எம் பொண்ணை நினைச்சு நீங்க தயங்க வேணாம்.' அதைப் படித்துவிட்டு அக்கா சமையலறையில் நின்று வாய்விட்டு அழுதாள்.

கூட்டம் காலை பத்து மணிக்குப் புதுக் கூடத்தின் மாடியில். நீள மேசைக்கு அந்தப் பக்கம் சின்னவரும் கணக்காளரும், இன்னொரு ஓரத்தில் நிதி நிறுவனத்திலிருந்து ஒரு இளைஞர். நல்ல பிள்ளை மாதிரி இருந்தார். அக்கா வந்ததும் எழுந்து தண்ணீர் பாட்டிலைத் திறந்து வைத்தார். அவரை வெறுக்க அவள் எவ்வளவோ முயன்றாள்.

தீர்மானத்தைப் படித்தார்கள். ஆதரிப்பவர்கள் என்றதும் சின்னவர் தலை நிமிராமல் கையைத் தூக்கினார். இளைஞரும் கையைத் தூக்கினார். எதிர்ப்பவர்கள் என்றதும் அக்கா எழுந்து நின்றாள். உட்கார்ந்து தூக்கினால் போதும், ஆனாலும் நின்றாள். பின்னால் வந்து உட்கார்ந்திருந்த டேப்பும் இன்னும் ஏழெட்டுப் பேரும் படிவம் கொடுத்தாகிவிட்டது என்பதை மறந்து தாங்களும் கையைத் தூக்கினார்கள்.

கணக்காளர் எண்ணவில்லை. எண்ண வேண்டியிருக்கவில்லை. கையிலிருந்த தாளைப் பார்த்துப் படித்தாள். ஆதரவு நாலு கோடியே நாற்பத்தைந்து லட்சம். எதிர்ப்பு பதினைந்து லட்சம். தீர்மானம் நிறைவேறியது.

"நாலு கோடி யாருது?" என்று டேப் உரக்கக் கேட்டார்.

"எங்களுதுதான் சார்," என்றார் இளைஞர், மரியாதையாக. "கடைசியா மாத்தின ஷேரை நாங்க விக்கல. இந்த மீட்டிங்குக்காக வெச்சிருந்தோம்."

அக்கா இன்னும் நின்றுகொண்டிருந்தாள். கையைக் கீழே விட மறந்திருந்தாள். இரண்டு வாரம் தின்னாமல் தூங்காமல் அவள் தூக்கிச் சுமந்த முடிவுக்கு அந்த இடத்தில் நூற்றில் மூன்று பங்கு மதிப்பு. யார் கையில் எத்தனை பங்கு என்பது கணக்காளர் கையிலிருந்த தாளில் கூட்டத்துக்கு முன்பே அச்சாகியிருந்தது. முதல் தடவை அவள் கைக்கு எடை இருந்தது. அந்த எடையை அவளே தூக்கி அவர்களிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். பூட்டு விழாது, டேப்பின் மகளுக்கு வேலை போகாது என்று ஒரு நிம்மதியும் கூடவே வந்தது. அந்த நிம்மதிக்காகத் தன்னையே அவளுக்குப் பிடிக்கவில்லை.

பஸ்ஸில் வரும்போதே தீர்மானித்துவிட்டாள். நேரே கடைக்குப் போய்த் தம்பி மனைவி முன்னால் நின்று, நான்தான் போடச் சொன்னேன், உன் உழைப்பை அழித்தவள் நான்தான் என்று சொல்லிவிட வேண்டும். அவள் வாயில் வந்ததெல்லாம் திட்டட்டும். வாங்கிக்கொள்வதற்காவது ஒன்று மிச்சமிருக்கிறதே.

கடையில் சைக்கிள்களைக் கொக்கியிலிருந்து இறக்கியிருந்தார்கள். இடத்தை வாங்கப் போகிறவர் காலையில் வந்து அளந்துவிட்டுப் போயிருக்கிறார், தரையில் சுண்ணாம்புக் கோடு இருந்தது. தம்பி ஒரு முன்சக்கரத்தை மடியில் வைத்துக் கம்பி முறுக்கிக்கொண்டிருந்தான். தம்பி மனைவி சலவைக்கடையிலிருந்து அரைநாள் விடுப்பில் வந்து பெட்டிகளில் உதிரிச் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அக்காவைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"வாங்க அண்ணி. உக்காருங்க. கேட்டீங்களா உங்க தம்பி பண்ணின காரியத்தை?"

அக்கா தம்பியைப் பார்த்தாள். அவன் சக்கரத்தை விட்டுத் தலையைத் தூக்கவில்லை.

"யாரோ கடைக்கு வந்தவன் பேச்சைக் கேட்டு அவ்வளவு பணத்தையும் ஷேர்ல போட்டிருக்காரு. நேத்துத்தான் சொல்றாரு. அதுவும் உங்க கம்பெனி ஷேர்லயே! உங்களை ஒரு வார்த்தை கேட்டிருந்தா இப்படி ஆகியிருக்குமா?"

"இல்லம்மா, நான்தான்..."

"அக்காவைக் கேட்டாத் திட்டுவான்னுதான் கேக்கல," என்றான் தம்பி, கொஞ்சம் உரக்கவே. அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான். கெஞ்சுகிற பார்வை. என் மேலேயே இருக்கட்டும்க்கா, அவளுக்கு உன்னை விட்டால் மதிக்க யார் இருக்கிறார்கள் என்கிற பார்வை.

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தாள். இப்போது உண்மையைச் சொன்னால் அவன் பொய்யனாவான். சொல்லாவிட்டால் அவள் யோக்கியமாவாள். இரண்டையும் தடுக்க அவளிடம் ஒன்றுமே இல்லை.

"நீங்க என்ன பண்ணுவீங்க அண்ணி, பாவம். உங்க முகமே வாடிப் போயிருக்கு." தம்பி மனைவி உள்ளே போய்த் தன் பையை எடுத்து வந்தாள். அதிலிருந்து வங்கிப் புத்தகம் ஒன்றை எடுத்து அக்காவின் மடியில் வைத்தாள். "இனிமே எதுன்னாலும் அண்ணியைக் கேட்டுட்டுத்தான் செய்யணும்னு கண்டிப்பாச் சொல்லிட்டேன். இது என் பேர்ல தனியா இருக்கு, அவருக்கே தெரியாது. கொஞ்சம்தான். இதையாவது பத்திரமா எங்க போடலாம்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க."

சொல்லிவிட்டு அவள் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தாள்.